மலைச் சாலையும் சிறு லாரியும்

மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் கைகோத்து நிற்கும் இடம் நீலகிரி. அதன் உச்சியாகிய தொட்டபெட்டா 2637 மீட்டர் உயரம் உடையது. இம்மலைமேல் இன்று பேருந்தும் லாரியும் இரவுபகலாக ஏறி இறங்குகின்றன. இரு நூற்றாண்டுகளுக்கு முன்னரோ, நடந்தும் சுமைதூக்கியுமே இங்கு ஏற இயலும். கோயமுத்தூர் மாவட்ட ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819 ஆம் ஆண்டில் இம்மலையைக் கண்டார்; பின்னர்ச் சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கம் ஒரு பாதை வெட்டுவித்தார். அப்பாதை 1823 இல் நிறைவுற்றது. அதன்பின் குன்னூர் மலைச்சாலையும் பிற சாலைகளும் தோன்றின. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறுங்கால் 14 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். உதகையிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் சாலையிலோ அத்தகைய வளைவுகள் 36 உள்ளன.

இத்தகைய சாலையில் செல்லும் ஊர்திக்கு இரண்டு ஆற்றல்கள் இன்றியமையாதன. ஒன்று, ஓட்டுநர் எண்ணிய அளவிற்குத் திரும்புதல். மற்றொன்று, மேடு பள்ளங்களைத் தாங்கிக்கொண்டு நான்கு சக்கரங்களையும் நிலத்தில் ஊன்றி வைத்தல். முன்னதற்கு உரிய அமைப்பினை 'ஸ்டீயரிங்' என்றும், பின்னதற்கு உரியதனைச் 'சஸ்பென்ஷன்' என்றும் தொழிலாளர் வழங்குவர். சமவெளியில் இவ்விரண்டில் ஒன்று சிறிது பழுதுபட்டாலும் ஊர்தி எப்படியோ ஊர் போய்ச் சேரும். மலையில் அவ்வாறு நிகழாது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம். ஓட்டுநர் கையிலுள்ள சக்கரம் நான்கு விரல் அளவு வீணே சுழலுமாயின், அந்நான்கு விரலுக்குள் நாற்பது உயிர்களின் நலம் தொங்கிக்கொண்டிருக்கும்.

இவ்விரு அமைப்புகளும் நம் நாட்டிற்குப் புதியன அல்ல. நம் முன்னோர் சக்கரத்தின் இயல்பை நன்கு அறிந்திருந்தனர். மயிலிறகே ஆயினும் அளவின்றி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் உவமை வாயிலாக உரைத்தமை யாவரும் அறிந்ததே. கோயில் தேருக்குத் திருப்பும் பொறி இல்லை. எனினும் நான்கு மாட வீதிகளிலும் அது திரும்பி வருகின்றது. சக்கரத்தின் அடியில் உரிய நேரத்தில் முட்டுக்கட்டை இடுவோர், அதனைச் சிறிது சிறிதாகத் திருப்புகின்றனர், ஓட்டத்தையும் அடக்குகின்றனர். பெருந்தேர்களுள் ஒன்றாகிய திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சிராப்பள்ளி பெல் தொழிற்சாலையார் இரும்புச் சக்கரங்களும், நீர்ம அழுத்தத்தால் இயங்கும் தடுப்புகளும் பொருத்திக் கொடுத்தனர். தொன்மையும் புதுமையும் அங்கே ஒன்றுக்கொன்று துணையாயின.

தாங்கும் அமைப்பிற்கு நம் சிற்றூர்களில் விளங்கிய சான்று வில்வண்டி. கட்டை வண்டியில் அச்சின்மேல் பாரம் நேரே அமர்ந்திருக்கும். சக்கரம் கல்லில் ஏறினால் அமர்ந்திருப்பவர் உடல் குலுங்கும். வில்வண்டியில் அச்சிற்கும் கூண்டிற்கும் இடையே வளைந்த எஃகுப் பட்டைகள் இருந்தன. அவை வளைந்து அதிர்ச்சியைத் தாம் ஏற்றுக்கொண்டன. இன்றைய லாரியின் அடியிலும் பல பட்டைகளை அடுக்கிக் கட்டிய அதே வில்லைத்தான் காண்கின்றோம். உழைத்து ஓய்ந்த அவ்வில்பட்டைகளைக் கொல்லர் வாங்கிக் காய்ச்சி அரிவாளாக அடிப்பதும் உண்டு. வளைந்து நிமிரும் உறுதி அவ்வெஃகில் அவ்வளவு மிகுதி.

இனித் திருப்பும் அமைப்பினை நோக்குவோம். ஒரு வண்டி வளைவில் செல்லும்போது உட்பக்கச் சக்கரம் சிறு வட்டத்திலும், வெளிப்பக்கச் சக்கரம் பெரு வட்டத்திலும் செல்கின்றது. ஆதலின் இரு முன்சக்கரங்களும் ஒரே அளவு திரும்புதல் பொருந்தாது. உட்சக்கரம் மிகுதியாகத் திரும்புதல் வேண்டும். அவ்வாறன்றி இரண்டும் ஒரே கோணத்தில் நின்றால், ஒரு சக்கரம் உருளாமல் நிலத்தில் உராய்ந்து இழுபடும். இவ்வுண்மையை உணர்ந்து, மூனிச் நகரத்து வண்டித் தச்சராகிய லாங்கென்ஸ்பெர்கர் 1817 இல் ஓர் அமைப்பினை வகுத்தார். இங்கிலாந்தில் அவர்தம் முகவராக விளங்கிய அக்கர்மன் 1818 இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்றும் அவ்வமைப்பு அக்கர்மன் பெயராலேயே வழங்குகின்றது. அன்று அது குதிரை வண்டிக்காகத் தோன்றியது. பின்பு மோட்டார் வண்டிக்கு உயிர்நாடி ஆயிற்று.

நீலகிரியில் வாழ்வோர் நாள்தோறும் காணும் மற்றொரு பொறியும் இங்கு நினைக்கத் தக்கது. மேட்டுப்பாளையத்திலிருந்து 1899 இல் குன்னூர் வரையிலும், 1908 இல் உதகை வரையிலும் ஓடத் தொடங்கிய மலை இரயில், கல்லாறு முதல் குன்னூர் வரை பற்சட்டத்தைப் பற்றிக்கொண்டு ஏறுகின்றது. அங்கே 12.5 அடி செல்வதற்குள் ஓர் அடி உயர வேண்டும். எஞ்சினின் பற்சக்கரம், தண்டவாளங்களின் நடுவே பதித்த பற்சட்டத்தின்மேல் சுழன்று வண்டியை மேலே கொண்டு செல்லும். கார்களின் ஸ்டீயரிங் பலவற்றிலும் இதே பற்சக்கரமும் பற்சட்டமும் உள்ளன. ஒரு வேறுபாடே உண்டு: இரயிலில் சட்டம் அசையாது நிற்கச் சக்கரம் முன்னே செல்கின்றது, காரில் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று சட்டத்தை இடமும் வலமும் நகர்த்துகின்றது. ஒரே கருத்து இரு தொழில்களுக்கு உதவுவதைக் காண்க.

இவற்றையெல்லாம் படித்தறிவதினும் தொட்டறிதல் எளிது. அதற்கு ஏற்றதொரு கருவி வானொலி அலையால் இயங்கும் சிறு லாரி ஆகும். கம்பியின் தொடர்பின்றித் தொலைவிலிருந்து ஒரு பொருளை இயக்கலாம் என்பதை நிக்கோலா டெஸ்லா 1898 இல் நியூயார்க்கு நகரில் ஒரு சிறு படகைக் கொண்டு மெய்ப்பித்துக் காட்டினார். கண்டோர் வியந்தனர். அன்றைய அற்புதம் இன்று சிறுவர் கையில் விளையாட்டுப் பொருளாக இருக்கின்றது. ஆயினும் அதனுள் பெரிய லாரியின் உறுப்புகள் யாவும் சிற்றுருவில் அமைந்துள்ளன.

அதன் திருப்பும் உறுப்பிற்குச் 'சர்வோ' என்பது பெயர். அதனுள் ஒரு சிறிய மின்பொறி, பற்சக்கர வரிசை, கை திரும்பிய கோணத்தை அளக்கும் உறுப்பு, மின்சுற்று ஆகிய நான்கும் உள்ளன. பொதுவாக நொடிக்கு 50 முறை அதற்கு மின்துடிப்புக் கட்டளை செல்லும். துடிப்பின் நீளம் நொடியின் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு ஆயின் கை நடுவே நிற்கும். ஒரு பங்காகக் குறைந்தால் ஒரு புறமும், இரு பங்காக மிகுந்தால் மறுபுறமும் திரும்பும். தான் நிற்கும் இடத்தையும் நிற்க வேண்டிய இடத்தையும் ஓயாது ஒப்பிட்டு, வேறுபாடு நீங்கும் வரையில் அது உழைக்கும். தன் பிழையைத் தானே கண்டு திருத்திக்கொள்ளும் இவ்வியல்பு மாந்தர்க்கும் வேண்டுவதன்றோ?

குன்னூரில் வாழும் மாணவன் ஒருவனிடம் இத்தகைய சிறு லாரி ஒன்று உள்ளது என்று கொள்வோம். அவன் தந்தை, தோட்டங்களில் பறித்த பச்சைத் தேயிலையைத் தொழிற்சாலைக்குக் கொண்டு செல்லும் லாரியின் ஓட்டுநர் என்றும் கொள்வோம். பறித்த இலை நெடுநேரம் மூட்டையில் அடைந்து கிடப்பின் வெப்பமேறிக் கெடும். ஆதலின் மழையாயினும் பனியாயினும் அந்த லாரி காலத்தில் சென்று சேர வேண்டும். மைந்தனுடைய சிறு லாரியோ, வீட்டின் பின்புறத்துச் சரிவில் நேரே செல்லாது தள்ளாடுகின்றது. கல்லில் ஏறினால் கவிழ்கின்றது. அதனைச் செம்மை செய்ய அவன் விரும்புகின்றான்.

அனுபவம் இல்லாதவர் முதலில் செய்வது, மிகுந்த ஆற்றலுடைய புதிய சர்வோ ஒன்றை வாங்கிப் பொருத்துவதாகும். அஃது ஓட்டைக் குடத்திற்குப் பெரிய வாளியால் நீர் இறைப்பது போன்றது. முதலில் பார்க்க வேண்டியது தளர்ச்சி. முன்சக்கரத்தைக் கையால் பிடித்து இடமும் வலமும் மெல்ல அசைத்தால், சர்வோவின் கை அசையாமல் இருக்கும்போதே சக்கரம் எவ்வளவு ஆடுகின்றது என்பது தெரியும். மூட்டுகளில் உள்ள பிளாஸ்டிக்குக் குழல்கள் தேய்ந்திருப்பின் அவற்றை நீக்கிச் சிறிய பேரிங்குகளை அமைக்கலாம். தேய்ந்த குண்டு மூட்டுகளை மாற்றலாம். இத்தளர்ச்சி நீங்கினாலே பாதிக் குறை தீரும். பெரிய லாரியிலும் இம்மூட்டுகளே முதலில் தேய்வன. சென்னையைச் சார்ந்த ரானே நிறுவனம் போன்றவை அவற்றைச் செய்வதையே ஒரு தனித் தொழிலாகக் கொண்டுள்ளன. இதனால் அச்சிறு மூட்டுகளின் பெருமை விளங்கும்.

அடுத்தது சக்கரங்களின் நிலை. இணைப்புத் தண்டின் ஒரு முனையில் வலப்புரி மரையும், மறுமுனையில் இடப்புரி மரையும் இருப்பின், அதனைக் கழற்றாமலே சுழற்றி நீட்டவும் குறுக்கவும் இயலும். அதனால் இரு முன்சக்கரங்களும் நேராக நிற்குமாறு அமைக்கலாம். பின்னர் அக்கர்மன் கணக்கினைப் பார்க்க வேண்டும். முன் பின் அச்சுகளின் இடைவெளி 30 செ.மீ., இடவலச் சக்கரங்களின் இடைவெளி 20 செ.மீ. என்க. திருப்பத்தின் மையம் உட்புறப் பின்சக்கரத்திலிருந்து 50 செ.மீ. தொலைவில் இருப்பின், உட்புற முன்சக்கரம் ஏறத்தாழ 31 பாகையும், வெளிப்புற முன்சக்கரம் 23 பாகையும் திரும்ப வேண்டும். கணிதப் பாடத்தில் கற்ற தொடுகோட்டு விகிதம் இங்கே வண்டியைத் திருப்புகின்றது. சுண்ணக்கட்டியால் தரையில் வட்டம் வரைந்து வண்டியைச் சுற்றவிட்டால், சக்கரம் உருள்கின்றதா, உராய்ந்து இழுபடுகின்றதா என்பதைக் கண்ணாலும் காதாலும் அறியலாம்.

இவ்வளவும் செய்தபின் சர்வோவை மாற்றுதல் தகும். சர்வோவின் ஆற்றலைக் கிலோகிராம்-சென்டிமீட்டர் என்னும் அளவையால் குறிப்பர். 3 கிலோகிராம்-சென்டிமீட்டர் ஆற்றல் உடையது, 2 செ.மீ. நீளமுள்ள கையின் முனையில் ஒன்றரைக் கிலோகிராம் அளவே தள்ளும். 15 ஆற்றல் உடையதோ ஏழரைக் கிலோகிராம் அளவு தள்ளும். கற்களுக்கிடையே சிக்கிய சக்கரத்தைத் திருப்ப இது உதவும். ஆனால் ஆற்றல் மிகுந்த சர்வோ மின்சாரத்தையும் மிகுதியாக உண்ணும். அதற்கேற்ற மின்வழங்கி இல்லையெனின், அது இழுக்கும் நேரத்தில் வானொலிக் கருவியே செயலற்றுப் போகும். மேலும், பற்சக்கரங்கள் உலோகத்தால் ஆயினமையால் இனிக் கேடில்லை என்று எண்ணுதலும் தவறு. சக்கரம் பாறையில் மோதினால் அவ்விசை பின்னோக்கிப் பாய்ந்து பற்களைத் தாக்கும். ஆதலின் இடையே ஒரு சிறு வில்மூட்டு வைப்பர். அஃது இயல்பான வேளையில் விறைப்பாக நின்று, மோதும் வேளையில் மட்டும் நெகிழ்ந்து கொடுக்கும். வலிமையுடையார்க்கும் நெகிழ்ச்சி காப்பாகின்றது.

பெரிய ஊர்திகளில் இவ்வாற்றல் பெருக்கம் வேறு வகையால் நிகழ்ந்தது. பிரான்சிஸ் டேவிஸ் என்னும் அமெரிக்கப் பொறியாளர் 1926 இல் எண்ணெய் அழுத்தத்தால் ஓட்டுநருக்குத் துணைசெய்யும் 'பவர் ஸ்டீயரிங்' அமைப்பினை ஒரு காரில் பொருத்திக் காட்டினார். 1951 இல் கிறைஸ்லர் நிறுவனம் அதனை விற்பனைக் காரில் அமைத்தது. நம் நாட்டில் 1948 இல் தோன்றி, 1955 இல் அசோக் லேலண்டு எனப் பெயர் பெற்ற நிறுவனமும் பிற நிறுவனங்களும், பிற்காலத்தில் இதனைப் பேருந்து லாரிகளில் அமைத்தன. அதற்கு முன் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஓட்டுநர் தம் தோள்வலி முழுவதையும் கொண்டு சக்கரத்தை இழுக்க வேண்டியிருந்தது. பதினான்கு வளைவுகளையும் கடந்து குன்னூர் சேரும்போது அவர் கைகள் சோர்ந்து போகும். சோர்ந்த கை பிழை செய்யும் கை ஆகலாம். ஆதலின் பவர் ஸ்டீயரிங் உடல் சுகத்திற்காக மட்டும் வந்ததன்று. பயணிகளின் காப்பிற்காகவும் வந்ததாகும்.

இனித் தாங்கும் அமைப்பு. வில் எவ்வளவு கடினமோ அவ்வளவு நன்று என்று மாணவன் எண்ணலாம். கடினமான வில் பள்ளத்திற்குள் சக்கரத்தை இறக்காது. சக்கரம் அந்தரத்தில் நிற்கும். நிலத்தைத் தொடாத சக்கரம் திருப்பவும் தடுக்கவும் பயன்படாது. இனி மிக மென்மையான வில்லை வைப்பின், வளைவில் வண்டி வெளிப்புறமாகச் சாயும். ஆகவே இரண்டிற்கும் நடுவே, சுமக்கும் எடைக்கு ஏற்ற வில்லே தக்கது.

வில் மட்டும் இருப்பின் மற்றொரு குறையும் நேரும். ஒருமுறை அழுந்திய வில் பலமுறை எழுந்து தாழ்ந்து ஆடும். அவ்வாட்டத்தை அடக்குவது 'ஷாக் அப்சார்பர்' என வழங்கும் அதிர்வடக்கி. எண்ணெய் நிறைந்த குழலுக்குள் துளையுள்ள தட்டு ஒன்று நகரும்போது, எண்ணெய் அத்துளைகள் வழியே புகுந்து செல்லத் தடை உண்டாகின்றது. ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறி அடங்குகின்றது. சிறு லாரியைக் கையால் அழுத்தி விட்டுப் பார்த்தால் குறை விளங்கும். பன்முறை துள்ளினால் எண்ணெயின் தடிமன் போதாது. எழவே தயங்கினால் தடிமன் மிகுதி. ஒரே முறை எழுந்து அமைதியாக நின்றால் நன்று. குளிரில் எண்ணெய் தடிக்கும். ஆதலின் மேட்டுப்பாளையத்து வெயிலில் பொருந்திய அமைப்பு, உதகையின் பனிக்காலக் காலையில் சிறிது விறைப்பாகத் தோன்றின் வியப்பில்லை.

வண்டியை உயர்த்திப் பெரிய சக்கரம் பூட்டினால் கல்லெல்லாம் தாண்டும் என்பது பலர் கொள்ளும் ஆசை. அவ்வாசைக்கும் ஓர் எல்லை உண்டு. சக்கர இடைவெளி 20 செ.மீ. ஆகவும், எடைமையத்தின் உயரம் 8 செ.மீ. ஆகவும் இருப்பின், ஏறத்தாழ 51 பாகை வரை சாய்த்தாலும் வண்டி கவிழாது. எடைமையம் 12 செ.மீ. உயர்ந்தால் 40 பாகையிலேயே கவிழ்ந்துவிடும். வில்லின் சாய்வையும் சேர்த்தால் இவ்வளவு இன்னும் குறையும். ஒரு பலகையின்மேல் வண்டியைக் குறுக்காக நிறுத்திப் பலகையை மெல்ல உயர்த்தினால், எவரும் இதனைச் சோதித்தறியலாம். மின்கலத்தைத் தாழ்வான இடத்தில் வைத்தலும் சக்கரங்களைச் சிறிது அகலப்படுத்தலும் உயர்த்துவதினும் பயன் தரும்.

இரு அமைப்புகளும் ஒன்றையொன்று சாராதன என்று எண்ணுதலும் பிழை. மேட்டில் ஏறும்போது அச்சு ஒரு வில்வளைவான வழியிலும், இணைப்புத் தண்டு வேறொரு வளைவான வழியிலும் நகருமாயின், ஓட்டுவோர் திருப்பாமலே வண்டி தானே திரும்பும். தண்டினை இயன்றவரை அச்சின் இயக்கத்தோடு ஒத்துச் செல்லுமாறு அமைத்தால் இக்குறை நீங்கும். ஒருவன் தன் லாரியில் வில்லை மட்டும் உயர்த்திவிட்டு, 'ஸ்டீயரிங் கெட்டுவிட்டது' என்று வருந்துவது இக்காரணத்தாலேயே ஆகும். ஆதலின் ஒரு வேளையில் ஒரு மாற்றமே செய்தல் வேண்டும். அதன் விளைவை அளந்து ஏட்டில் எழுதிய பின்னரே அடுத்ததைத் தொடுதல் வேண்டும். மூன்றை ஒருங்கே மாற்றினால், நன்மை எதனால் வந்தது, தீமை எதனால் வந்தது என்று அறிய வழியில்லை.

மாணவன் தன் சிறு லாரியைச் செம்மை செய்து முடித்தான் என்று கொள்வோம். இப்பொழுது அவன் தந்தையின் லாரியைப் பார்க்கும் பார்வையே வேறாகும். காலையில் புறப்படுமுன் தந்தை குனிந்து அடிப்புறத்தை நோக்குவதும், சக்கரத்தை அசைத்துப் பார்ப்பதும், வில்பட்டைகளில் ஒன்றேனும் முறிந்துள்ளதா என்று தடவிப் பார்ப்பதும் வெறும் வழக்கம் அல்ல என்பதை அவன் உணர்வான். மூட்டைகளை உயர அடுக்காதே என்று அவர் சுமையாளரிடம் வாதிடுவதன் பொருளும் விளங்கும். பலகையின்மேல் 40 பாகையில் கவிழ்ந்த வண்டி அவன் கண்முன் நிற்குமன்றோ! மலையிறங்கும்போது தாழ்ந்த கியரிலேயே செல்லுக என்று சாலையோரத்தில் எழுதி வைத்திருப்பது அவனுக்கு அறிவுரையாக மட்டுமன்றி அறிவியலாகவும் தோன்றும். ஓயாது அழுத்திய பிரேக்கு வெப்பமேறி வலுவிழக்கும் என்பதை அவன் எளிதில் ஊகிப்பான்.

விளையாட்டு வண்டிக்கும் மெய்யான வண்டிக்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. சிறு லாரி கவிழ்ந்தால் நிமிர்த்தி வைத்து மீண்டும் ஓட்டலாம். பெரிய லாரி கவிழ்ந்தால் ஒரு குடும்பமே கவிழும். அதனாலேயே சாலையில் ஓடும் ஊர்தியில் எவரும் தம் மனம்போல் மாற்றம் செய்தல் ஆகாது. தேர்ந்த தொழிலாளரே பழுது பார்த்தல் வேண்டும்; உரிய ஆய்வுக்குப்பின் தகுதிச் சான்று பெறுதல் வேண்டும். பிழை செய்து கற்பதற்கு உரிய இடம் வீட்டு முற்றம். பிழையின்றி நடப்பதற்கு உரிய இடம் மலைச்சாலை.

கையளவுப் பொருளில் கற்ற கல்வி மலையளவு பயன் தரும். முற்றத்தில் சுண்ணக்கட்டியால் வட்டம் வரைந்து சக்கரத்தின் போக்கை ஆராயும் சிறுவன், நாளை ஊர்திகளை வகுக்கும் பொறியாளன் ஆகலாம். அல்லது மழையிருளில் முப்பத்தாறு வளைவுகளையும் கடந்து பயணிகளை ஊர் சேர்க்கும் நல்ல ஓட்டுநன் ஆகலாம். எவ்வாறாயினும், திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பவும், தாங்க வேண்டிய இடத்தில் தாங்கவும் வல்லதே நல்ல வண்டி என்பதை அவன் மறவான்.

பயிற்சி வினாக்கள்

1. வில்வண்டி கட்டை வண்டியினும் சிறந்தது என்பதற்குக் காரணம் கூறுக.
2. வளைவில் செல்லும் வண்டியின் இரு முன்சக்கரங்களும் வெவ்வேறு அளவில் திரும்ப வேண்டுவது ஏன்?
3. மலை இரயிலின் பற்சட்டத்திற்கும் காரின் பற்சட்டத்திற்கும் உள்ள ஒற்றுமை வேற்றுமைகளை எழுதுக.
4. புதிய சர்வோவைப் பொருத்துமுன் செய்ய வேண்டுவன யாவை?
5. வண்டியை உயர்த்துவதால் வரும் தீங்கினைச் சோதனையொன்றால் விளக்குக.
6. 'பிழை செய்து கற்பதற்கு உரிய இடம் வீட்டு முற்றம். பிழையின்றி நடப்பதற்கு உரிய இடம் மலைச்சாலை' – இக்கருத்தினை விளக்கி ஒரு பத்தி வரைக.